கிட்டார் குற்றவாளிகள் – 4: கரகரத்த டேப் ரெக்கார்டர்

1976-ம் ஆண்டின் தொடக்கம். ஜனவரியா, பிப்ரவரியா என்று சம்பந்தப்பட்டவரே பின்னாளில் உறுதியாகச் சொல்லவில்லை. இடம், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக். ஃபிரான்டிஷெக் ஷ்மெய்கல் என்ற கலை வரலாற்று அறிஞர் ஏற்பாடு செய்த சந்திப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதோடு சரி.

ஒருவருக்கு முப்பத்தொன்பது வயது. கூச்ச சுபாவம். யாரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். பெயர் வாக்லாவ் ஹாவெல். பிராகின் பணக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அந்தப் பிறப்பே கம்யூனிஸ்ட் ஆட்சியில் குற்றமாகி, விரும்பிய படிப்பு மறுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகவும் நாடக அரங்கில் மேடைத் தொழிலாளியாகவும் இருந்து, அங்கிருந்தே நாடக ஆசிரியரானார். நியூயார்க் வரை மேடையேறிய அவருடைய நாடகங்களைச் சொந்த ஊரில் போட முடியாது. இரண்டு வருடம் முன்பு ட்ருட்னவ் நகரத்து பீர் ஆலையில் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தார்.

மற்றவருக்கு முப்பத்தொன்று. தோளைத் தொடும் தலைமுடி. இவான் மார்ட்டின் யிரௌஸ். இவரும் கலை வரலாறு படித்தவர்தான். ஆனால் அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகத்திலோ இல்லாமல் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற ராக் குழுவோடு சுற்றிக்கொண்டிருக்கிறார். குழுவின் கலை இயக்குநர் அவர்தான். ஏற்கெனவே ஒருமுறை சிறைக்குப் போய் வந்துவிட்டார்.

இருவருக்கும் மனதுக்குள் தயக்கம் இருந்தது. யிரௌஸின் ஆட்களைப் பற்றி ஹாவெலின் காதுக்கு வந்ததெல்லாம் அரைகுறைச் செய்திகள், அவற்றில் பாதி கேலி. யிரௌஸுக்கோ ஹாவெல் போன்ற எழுத்தாளர்கள் அரசு சகித்துக்கொள்கிற எதிர்ப்பாளர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு தனி வட்டம்.

யிரௌஸ் விவாதத்தில் இறங்கவில்லை. பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை ஓடவிட்டார். அது கரகரத்தது. அந்தக் கரகரப்பைத் தாண்டிக்கொண்டு பாட்டு வந்தது.

அந்தப் பாட்டைக் கேட்ட நாடக ஆசிரியர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நாட்டின் ஜனாதிபதி ஆகப்போகிறார். இடையில் சிறை இருக்கிறது. டேப்பில் பாடியவர்களுக்கோ சிறைக் கதவு அப்போதே திறந்துவிட்டிருந்தது. கைதாவதற்கு வாரங்களே மிச்சம்.

* * *

போன வாரங்களில் படித்தவர்களுக்கு இந்தக் குழுவைத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1968 ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் எல்லை தாண்டின. அப்போதைய கட்சித் தலைவர் துப்செக் கொண்டுவந்த சீர்திருத்தங்களின் வசந்தம் எட்டே மாதத்தில் டாங்கிகளுக்கு அடியில் போனது. ஒரு மாதத்துக்குள், பதினேழு வயது மிலான் ஹ்லாவ்ஸா பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நண்பர்களோடு ஒரு குழு ஆரம்பித்தார். அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் ஒரு பாட்டிலிருந்து பெயரை எடுத்தார்கள். பாடியவை பெரும்பாலும் நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவின் பாட்டுகள், ஆங்கிலத்திலேயே. பிராகில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பால் வில்சன் என்ற கனடாக்காரர் கொஞ்ச காலம் பாடகராகவும் இருந்தார்.

1969 ஏப்ரலில் கட்சித் தலைமைக்கு குஸ்தாவ் ஹுசாக் வந்தார். நாட்டை இயல்புநிலைக்குக் கொண்டுவருகிறோம் என்றார்கள். ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், விஞ்ஞானிகள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். படையெடுப்பை ஆதரிக்கிறேன் என்று சொன்னவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். சொல்ல மறுத்தவர்கள் ஜன்னல் துடைக்கவும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடவும் போனார்கள். இசைக்கலைஞர்களும் தப்பவில்லை. மேடையில் வாசித்துப் பணம் வாங்க உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வுக் குழு முன் நிற்க வேண்டும். முடியை வெட்டு, ஆங்கிலப் பெயரை மாற்று, சோகப் பாட்டை நிறுத்து. பல குழுக்கள் இதற்கு ஒப்புக்கொண்டன. குடும்பம் நடத்த வேண்டுமே, அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹ்லாவ்ஸாவின் குழு ஒப்புக்கொள்ளவில்லை. 1970-ல் உரிமம் போயிற்று. அதோடு அரசு கொடுத்திருந்த வாத்தியங்களும் ஒத்திகை இடமும் போயின.

மெக்கானிக் வேலை தெரிந்த யோசெஃப் யனிச்செக், குழுவின் கிட்டார்காரர், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் கட்டினார். சாக்ஸபோன் வாசிக்க விராதிஸ்லாவ் பிராபெனெட்ஸ் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இனி நம் பாட்டு, நம் மொழியில். அது குழுவின் தலையெழுத்தையே மாற்றியது. அச்சேறத் தடை இருந்த கவிஞர் எகோன் போண்டியின் கவிதைகளுக்கு ஹ்லாவ்ஸா இசையமைக்கத் தொடங்கினார். 1974-75-ல் ஹௌஸ்கா கோட்டையில் அவற்றை ரகசியமாகப் பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அடிவயிற்றில் இடிக்கிற ஒரே பேஸ் சுற்று மறுபடி மறுபடி வரும். வயோலா அதன்மேல் உரசும். சாக்ஸபோன் அலறும். அரசைக் கவிழ்ப்போம் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. மலச்சிக்கலைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது.

கச்சேரி எங்கே என்பது கடைசி நேரத்தில் வாய்மொழியாகத்தான் தெரியும். ரயில் ஏறி, ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து போவார்கள். 1974 மார்ச்சில் செஸ்கே புத்யேயோவிட்ஸே நகருக்குப் பக்கத்தில் ருடோல்ஃபவ் என்ற ஊரில் கூடிய நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் போலீஸ் ரயில் நிலையச் சுரங்கப்பாதை வழியாகத் துரத்தித் தடியால் அடித்தது. மாணவர்கள் பலரைக் கல்வி நிலையங்கள் வெளியேற்றின. அதற்குப் பிறகு கல்யாணம் என்ற பெயரில் கச்சேரி நடந்தது. கல்யாணத்தில் பாட்டு இருப்பதை யார் தடுக்க முடியும்? 1976 பிப்ரவரி 21 அன்று பொயனோவிட்ஸே கிராமத்தில் நடந்த பெரிய விழா, யிரௌஸின் கல்யாணமேதான்.

இந்தப் பாட்டுகள்தான் அந்தக் கரகரத்த டேப்பில் ஓடின.

* * *

ராக் இசையில் தான் நிபுணர் இல்லை என்று ஹாவெலே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஒலி அவருக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. 1968 வசந்தத்தில், தன் நாடகம் நியூயார்க்கில் மேடையேறியபோது அங்கே போயிருந்தார். திரும்பும்போது பெட்டியில் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் இசைத்தட்டு ஒன்று இருந்தது. அதே குழுவைத்தான் ஹ்லாவ்ஸாவும் தன் குருவாக நினைத்தார் என்பது ஹாவெலுக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

டேப்பில் அவர் கேட்டது என்ன? பத்து வருடம் கழித்து கரெல் ஹ்வீஷ்தலா என்ற பத்திரிகையாளருக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதை விரிவாகப் பேசுகிறார். வேண்டுமென்றே கோணங்கித்தனம் செய்து கவனத்தை இழுக்கிறவர்களின் இசை அல்ல இது என்று அவருக்கு உடனே தோன்றியதாம். இந்த உலகத்தின் துயரம் நசுக்கிய மனிதர்கள் தாங்கள் வாழ்வதை உள்ளபடி ஒலியாக்கியிருக்கிறார்கள். அந்த இசைக்குள் மனதைக் கலைக்கிற ஒரு மாயம் இருந்தது, உள்ளிருந்து வருகிற ஓர் எச்சரிக்கையும் இருந்தது. கெட்ட வார்த்தை எவ்வளவு வந்தாலும், முடி எவ்வளவு நீளமாக இருந்தாலும், உண்மை இவர்கள் பக்கம்தான் என்று அந்த அறையிலேயே முடிவுக்கு வந்துவிட்டார்.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஹாவெலின் நாடகங்கள் தர்க்கத்தால் கட்டப்பட்டவை. அலுவலக மொழி எப்படி மனிதனைத் தின்கிறது என்பதைக் கடிகாரச் சக்கரம்போல நுணுக்கமாகக் காட்டுகிறவை. அப்படிப்பட்ட எழுத்தாளர், ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற, இசைப் பள்ளிக்கூடம் போகாத பையன்களின் முன்னால் தன் ரசனையை ஒதுக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்தார். இசை நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இது யாருடைய வாழ்க்கை, இதில் பொய் இருக்கிறதா என்றுதான் கேட்டார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.

அன்று மாலை ஹாவெல் வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. எழுத்தாளர் பாவெல் கொஹௌட் வீட்டில் விருந்து. நேரமாகிவிட்டது. போன் செய்து மன்னிப்புக் கேட்டார். கொஹௌட்டுக்குக் கோபம். ஏன் வரவில்லை என்று ஹாவெலால் விளக்கவும் முடியவில்லை, ஏனென்றால் போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. கொஹௌட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹாவெலும் யிரௌஸும் ஒரு மதுக்கடைக்குப் போய் விடியும்வரை பேசினார்கள். இரண்டு வாரத்தில் பிராகுக்கு வெளியே ஒரு கச்சேரி இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று யிரௌஸ் அழைத்தார்.

ஹாவெல் அந்தக் கச்சேரியைக் கேட்கவில்லை. அது நடக்கவே இல்லை.

* * *

மார்ச் 17-ல் கைதுகள் தொடங்கின. யிரௌஸ், ஹ்லாவ்ஸா, பிராபெனெட்ஸ், 'டிஜி 307' குழுவின் பவெல் ஸயீச்செக், கிட்டாரோடு பாடும் பாதிரியார் ஸ்வதோப்லுக் கராசெக், இன்னும் பலர். ஹாவெலின் கணக்கில் பத்தொன்பது பேர் வரை. வீடுகளைச் சோதனை போட்டு டேப்புகளையும் புகைப்படங்களையும் தட்டச்சுப் பிரதிகளையும் அள்ளிப்போனார்கள்.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். மார்ச் 23. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை அன்றுதான் செக்கோஸ்லோவாக்கியாவில் நடைமுறைக்கு வந்தது. கருத்துச் சுதந்திரம், சிந்தனைச் சுதந்திரம் எல்லாவற்றுக்கும் அரசு கையெழுத்துப் போட்டிருந்தது. பாட்டுக்காரர்களை உள்ளே தள்ளி ஆறாவது நாள். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு யார் கேள்வி கேட்பார்கள் என்று அரசு யோசிக்கவே இல்லை. அரசின் கண்ணில் இது சாதாரண ரவுடி வழக்கு. முடி வளர்த்தவர்கள், குடிகாரர்கள், போதைப் பழக்கக்காரர்கள் என்று பத்திரிகைகளில் எழுதவைத்தால் ஜனங்களே முகம் சுளிப்பார்கள், கதை முடிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

செய்தி வந்தபோது ஹாவெல் ஹ்ராடெச்செக் கிராமத்துப் பண்ணைவீட்டில் இருந்தார். உடனே பிராகுக்குக் கிளம்பினார்.

அவர் மனதில் ஓடிய கணக்கு இதுதான். அரசியல் எதிர்ப்பாளர்களைச் சிறையில் போடும்போது அதில் ஒரு விளையாட்டு விதி உண்டு. இரண்டு தரப்புக்கும் ஆபத்து தெரியும். தெரிந்தே இறங்குகிறார்கள். இந்தப் பையன்களோ அரசியல் கடந்தகாலம் எதுவும் இல்லாதவர்கள், ஆட்சியைப் பிடிக்கவும் ஆசைப்படாதவர்கள். தங்களுக்குப் பிடித்த இசையைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி வாசித்து, தங்களுக்குள் உண்மையாக வாழ வேண்டும் என்பது மட்டுமே அவர்களின் கோரிக்கை. அதையே குற்றமாக்கினால், தாக்கப்படுவது எதிர்க்கட்சி அல்ல, வாழ்க்கையே. இதற்கு யாரும் வாய் திறக்காவிட்டால், சொந்தமாக யோசிக்கிற எவரையும் நாளைக்கு ரவுடி என்ற பெயரில் அமைதியாக உள்ளே தள்ளலாம்.

இரண்டு வருடம் கழித்து, 'அதிகாரமற்றவர்களின் அதிகாரம்' என்ற தன் புகழ்பெற்ற கட்டுரையில் இதே எண்ணத்தை இன்னும் தெளிவாக எழுதினார். ராக் வாசிக்கிற சுதந்திரமும் தத்துவம் பேசுகிற சுதந்திரமும் வேர் வரைக்கும் போனால் ஒன்றுதான் என்பது அதன் சாரம். இன்று இதைப் படிக்கும்போது எளிதாகத் தலையாட்டிவிடலாம். 1976-ல் பிராகின் பேராசிரியர்களிடமும் முன்னாள் அமைச்சர்களிடமும் போய் இதைச் சொல்வது எளிதல்ல. அவர்களுக்கு பீத்தோவன் தெரியும், த்வோஷாக் தெரியும். மலச்சிக்கல் பாட்டைக் காப்பாற்றக் கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

இரண்டு பேராகக் கிளம்பினார்கள். ஹாவெலும் யிரி நிமெட்ஸ் என்ற கத்தோலிக்க உளவியல் அறிஞரும். அதுவரை இருவருக்கும் நெருக்கம் கிடையாது. எல்லோரையும் ஒரே நாளில் திரட்டவில்லை. இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர் என்று பொறுமையாகப் பேசிப் பேசிக் கரைத்தார்கள். ஜூலையில் பில்சென் நகரில், இதே இசை வட்டத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஜெர்மன் நாவலாசிரியர் ஹைன்ரிஷ் ப்யோலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் போனது. கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். அதில் கவிஞர் யாரோஸ்லாவ் சைஃபர்ட் இருந்தார், எட்டு வருடம் கழித்து நோபல் பரிசு வாங்கப்போகிறவர். தத்துவ அறிஞர் யான் பத்தோச்கா இருந்தார், எட்மண்ட் ஹுஸ்ஸெர்லின் மாணவர், அறுபத்தொன்பது வயது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன.

அரசு திகைத்தது. யாருக்கும் வேண்டாதவர்கள் என்று நினைத்துத்தானே பிடித்தோம்! ஹ்லாவ்ஸா உட்படப் பலரை விசாரணைக்கு முன்பே வெளியே விட்டார்கள். நான்கு பேர் மட்டும் மிச்சமானார்கள். மொத்தமாக விட்டுவிட்டால் தோல்வி என்றாகிவிடுமே.

செப்டம்பர் 21 காலை, அந்த நான்கு பேரையும் விலங்கிட்டுக் கூட்டிவந்தார்கள்.

* * *

யிரௌஸ், ஸயீச்செக், கராசெக், பிராபெனெட்ஸ். பொது அமைதியைக் குலைத்தது குற்றச்சாட்டு. பாட்டுகளில் இருந்த ஆபாசச் சொற்கள்தான் சாட்சியம்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. உள்ளே போக அனுமதி கிடைத்தது வெகு சிலருக்கே. மற்றவர்கள் நடைபாதையிலும் மாடிப்படிகளிலும் நின்றார்கள். ஹாவெலை அசைத்தது அந்த மாடிப்படிக் கூட்டம். முடி வளர்த்த இளைஞன் பக்கத்தில் கோட்டு போட்ட பேராசிரியர். கட்சியிலிருந்து துரத்தப்பட்ட பழைய கம்யூனிஸ்ட் பக்கத்தில், அந்தக் கம்யூனிஸ்ட்டின் ஆட்சியிலேயே துன்பப்பட்ட கத்தோலிக்கர். வேறு எந்த இடத்திலும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள். இங்கே சிகரெட்டைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தீர்ப்பு வந்தது. யிரௌஸுக்குப் பதினெட்டு மாதம். ஸயீச்செக்குக்குப் பன்னிரண்டு. கராசெக்குக்கும் பிராபெனெட்ஸுக்கும் தலா எட்டு.

அக்டோபரில் ஹாவெல் 'வழக்கு' என்றொரு கட்டுரை எழுதினார். அவருடைய எழுத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். நீதிமன்றத்தை நாடக ஆசிரியனின் கண்ணால் பார்க்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, வசனம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, முடிவும் தெரியும். ஆனால் நாடகம் நடக்க நடக்கக் கை மீறுகிறது. சட்டப்பிரிவைப் பற்றிய பேச்சு, மனிதன் எதற்காக வாழ்கிறான் என்ற பேச்சாகிவிடுகிறது. கூண்டில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். குற்றம் சாட்டுகிறவர்கள் தங்கள் பாத்திரத்துக்குள் அடைபட்டுத் தவிக்கிறார்கள்.

கட்டுரையின் கடைசியில் ஒரு சம்பவம். நீதிமன்றத்திலிருந்து வந்த ஹாவெலைத் தெருவில் ஒரு சினிமா இயக்குநர் பார்க்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். அண்டர்கிரவுண்ட் இசைக்காரர்களின் வழக்கிலிருந்து வருகிறேன் என்கிறார் ஹாவெல். போதைப்பொருள் கேஸா என்று கேட்கிறார் இயக்குநர். இல்லை என்று ஹாவெல் முடிந்தவரை விளக்குகிறார். இயக்குநர் தலையாட்டிவிட்டு, மற்றபடி என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பேச்சை மாற்றுகிறார்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஹாவெலே அவரைக் கெட்டவராகக் காட்டவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில், அந்தக் கெட்டிக்காரர்களின் உலகத்தோடு தனக்கு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஹாவெலுக்குத் தெளிவாகிவிடுகிறது. அந்த உலகத்தை ஒரு கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டுகிறார். அதற்கு முன்பு, பாட்டுக்காரர்களின் ஆபாசத்தைச் சாட்சியமாக்கிய அதே அரசு வழக்கறிஞரைப் பெயர் சொல்லி அழைத்து, கவனியுங்கள், இப்போது ஒரு கொச்சைச் சொல் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டே எழுதுகிறார். யாரிடமும் மரியாதையாகப் பேசும் அந்தக் கூச்ச சுபாவக்காரர், சிறைக்குப் போனவர்களின் மொழியை ஒரு சொல் அளவுக்குத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு, அதற்கான தண்டனைக்கும் தயாரானார்.

கட்டுரை தட்டச்சுப் பிரதியாகக் கைமாறிப் பரவியது. போலீஸ் கையிலும் ஒரு பிரதி போய்ச் சேராமல் இருந்திருக்காது.

* * *

மாடிப்படியில் உருவான உறவைக் கலையவிடக் கூடாது என்று நினைத்தவர் ஹாவெல் மட்டுமல்ல. அக்டோபர் 13 அன்று அந்தச் சர்வதேச உடன்படிக்கையின் முழு வாசகத்தை அரசே தன் சட்டத் தொகுப்பில் அச்சிட்டு வெளியிட்டது. அந்த வாசகத்தையும் பாட்டுக்காரர்களின் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தவர்களுக்கு, செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது.

டிசம்பரில் மொழிபெயர்ப்பாளர் யாரோஸ்லாவ் கொரானின் வீட்டில் சிலர் ரகசியமாகக் கூடினார்கள். ஹாவெல், நிமெட்ஸ், கட்சியின் மத்தியக் குழுவில் முன்பு செயலாளராக இருந்த ஸ்டெனெக் ம்லினார்ஷ். கூடவே கொஹௌட். விருந்துக்கு வராத நண்பர்மேல் போனில் கோபப்பட்ட அதே பாவெல் கொஹௌட்தான். அரசு ஒப்புக்கொண்ட சட்டத்தை அரசே மதிக்கும்படி கேட்கும் ஓர் அறிக்கை தயாரிப்பது என்று முடிவானது. அதற்கு 'சாசனம் 77' என்று பெயர் சூட்டியவரும் கொஹௌட்தான். அதே மாதத்தில் முதியவர் பத்தோச்கா, ஹ்லாவ்ஸாவின் குழுவையும் டிஜி 307 குழுவையும் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். பிளேட்டோவையும் ஹுஸ்ஸெர்லையும் வாழ்நாள் முழுக்கப் படித்தவர், சிறையில் இருந்த ராக் பாடகர்களுக்காகப் பேனா எடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் கையெழுத்துகள் சேர்ந்தன. இருநூற்று நாற்பதைத் தாண்டின. ஹாவெல், பத்தோச்கா, முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிரி ஹாயெக் ஆகிய மூவரும் செய்தித்தொடர்பாளர்கள். அறிக்கையில் தேதி 1977 ஜனவரி 1. பாடகர்கள் மீதான வழக்குகளை அறிக்கை தன் புகார்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

ஜனவரி 6, வியாழக்கிழமை. நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கியின் ஸாப் கார். ஸ்டியரிங்கில் அவர். உள்ளே ஹாவெலும் நாவலாசிரியர் லுத்விக் வாட்ஸுலிக்கும். கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் தபாலில் போட வேண்டிய உறைகள் காரில் அடுக்கியிருந்தன. நாடாளுமன்றத்தில் கொடுக்க வேண்டிய பிரதியும் இருந்தது. பின்னால் ரகசியப் போலீஸின் கார்கள் தெரிந்தன. முதலில் ஒன்று, பிறகு இன்னும் சில. லாண்டோவ்ஸ்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

பிராகின் தெருக்களில் நடந்த அந்தத் துரத்தலையும், அன்றிரவு விசாரணை அறையில் நடந்ததையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். செய்தித்தொடர்பாளர்கள் மூவரில் ஒருவர், தொடர் விசாரணைகளுக்குப் பிறகு பத்து வாரங்களுக்குள் இறந்துபோனார்.

(தொடரும்)